பாட்டனார் புராணமும் பாட்டியின் மௌனமும்

அமெரிக்க யூதக் குடும்பங்களிலே மூன்றாந் தலைமுறையினர் விரும்பிச் சொல்லும் கதை ஒன்றுண்டு. பாட்டனார் சட்டைப்பையிலே சில்லறைக் காசுகளுடன் கப்பலேறி வந்தார், எல்லிஸ் தீவிலே உத்தியோகத்தர் ஒருவர் அவருடைய பெயரை எழுதத் தெரியாது வேறொரு பெயரை எழுதிக் கொடுத்தார், பாட்டனார் தள்ளுவண்டியிலே பண்டம் விற்றார், மகனைப் படிப்பித்தார், மகன் வைத்தியரானான், பேரனாகிய நான் இன்று இதனை எழுதுகின்றேன். ஊரையும் பெயரையும் மாற்றிவிட்டால் இத்தகைய குடும்ப வரலாறுகள் பலவும் ஒன்றாகிவிடும். தலபுராணங்களைப் படித்துப் பழகிய நமக்கு இவ்வமைப்புப் புதியதன்று. தலைவனுக்கு உற்ற இடுக்கண், அவன் செய்த யாத்திரை, பெற்ற வரம் என்னும் அதே ஒழுங்குதான். இங்கு வரமளிக்கும் தெய்வம் அமெரிக்கா.

இக்கதை முற்றாகப் பொய் என்று வாதிடுவது என் நோக்கமன்று. வைத்தியரான மகனும் உண்மை, தள்ளுவண்டியும் உண்மை. ஆயின் எதனைச் சொல்கின்றது என்பதைக் காட்டிலும் எதனை விடுகின்றது என்பதே ஒரு கதையின் வர்க்கச் சார்பைக் காட்டிக்கொடுக்கும். பெயர் மாறிய நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். 1892 இல் திறக்கப்பட்டு 1954 இல் மூடப்பட்ட எல்லிஸ் தீவு நிலையத்தின் பரிசோதகர்கள் வந்தவர்களின் பெயர்களைப் புதிதாக எழுதியவர்களல்லர். பிரயாணி கப்பலேறிய துறைமுகத்திலே கப்பற் கம்பனியார் தயாரித்த பெயர்ப்பட்டியலை முன்னே வைத்துக்கொண்டு, அதிலுள்ள விபரங்கள் சரியோ எனக் கேட்டறிவதே அவர்தம் கடமை. யிட்டிஷ் முதலாய மொழிகளைப் பேசும் மொழிபெயர்ப்பாளர்களும் அங்கே இருந்தனர். பெயரை மாற்றியவர் பெரும்பாலும் பாட்டனாரேயாவர். வேலைத்தலத்திலோ, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலே சேர்த்தபோதோ, பிரசாவுரிமைப் பத்திரம் பெற்றபோதோ அவர் அதனைச் செய்தார். அப்பெயரோடு சென்றால் திறவாத கதவுகள் பல இருந்தமையாற் செய்தார். இந்த வெறுப்பையும் அதற்கு அவர் பணிந்த பணிவையும் சொல்வது பேரனுக்குச் சங்கடம். எனவே எழுதத் தெரியாத உத்தியோகத்தர் ஒருவரைப் படைத்து, நாட்டின் குற்றத்தை ஒரு மனிதனின் கைத்தவறாக்கிவிடுகின்றான். குடும்பக் கதை இவ்வாறுதான் கருத்தியலின் வேலையைச் செய்கின்றது.

மற்றொன்றையும் இப்புராணம் சொல்வதில்லை. எல்லிஸ் தீவின் பெருமண்டபத்தைக் கண்டவர்கள் கப்பலின் அடித்தட்டிலே வந்த ஏழைகளே. முதலாம் இரண்டாம் வகுப்புப் பிரயாணிகள் கப்பலிலேயே மேலோட்டமாகப் பரிசோதிக்கப்பட்டு நேரே நகருக்குட் சென்றனர். நோயெனக் கண்டால் மாத்திரமே அவர்கள் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கண்ணிமையைப் புரட்டிக் கண்ணோய் தேடியதும், மேற்சட்டையிலே வெண்கட்டியால் எழுத்தொன்றை இட்டு ஒருவனைப் புறம்பாக்கியதும் அடித்தட்டு மக்களுக்கே உரிய வரவேற்பு. திருப்பி அனுப்பப்பட்டோர் நூற்றுக்கு இருவர் அளவினரே. எனினும் அவ்விருவரில் ஒரு குழந்தை இருந்தால், தாய் அதனோடு திரும்புவதா, கணவனோடும் மற்றப் பிள்ளைகளோடும் தங்குவதா என்ற கேள்வி எழுந்தது. நூற்றுவீதக் கணக்கு அதற்குப் பதில் சொல்லாது.

இவர்கள் ஏன் வந்தனர் என்பதற்குப் படுகொலைகளை மாத்திரம் காரணமாகக் கூறுவோர் உண்டு. 1881 இல் இரண்டாம் அலெக்சாந்தர் கொலையுண்டபின் தென் ருஷ்யாவிலே மூண்ட கலவரங்களும், 49 யூதர் கொல்லப்பட்ட 1903 ஆம் ஆண்டுக் கிஷினெவ் கொடுமையும், 1905 ஒக்டோபரின் வெறியாட்டங்களும் மறக்கத்தக்கனவல்ல. எனினும் படுகொலை நிகழாத ஊர்களிலிருந்தும், ருஷ்யப் பேரரசுக்குப் புறம்பான கலீசியா, ருமேனியா என்னுமிடங்களிலிருந்தும் மக்கள் புறப்பட்டனர். ருஷ்யப் பேரரசின் யூதர் 1897 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களிற் பெரும்பாலோர் மேற்கு மாகாணங்களிலே வரையறுக்கப்பட்ட ஒரு பிரதேசத்துள் அடைக்கப்பட்டிருந்தனர். 1882 ஆம் ஆண்டுச் சட்டங்கள் கிராமங்களிலே புதிதாகக் குடியேறுவதைத் தடுத்தன. தையற்காரனும் சப்பாத்துத் தைப்பவனும் சிறு நகரங்களிலே ஒருவரோடொருவர் முட்டிமோதினர். ஆலைப் பண்டம் வந்து அவர்களின் கைத்தொழிலைக் கெடுத்தது. 1881 க்கும் 1914 க்கும் இடையிலே கிழக்கைரோப்பிய யூதர் ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் அமெரிக்கா சேர்ந்தனர். 1921 இலும் 1924 இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் பின்னர் அவ்வாயிலை அநேகமாக அடைத்துவிட்டன.

பேரர் புராணம் பாடுமுன்னர், வந்தவர்களே எழுதிய இலக்கியம் உண்டு. அதனை வைத்துப் பார்த்தாற்றான் புராணத்தின் அளவு விளங்கும்.

1912 இல் வெளியான மேரி ஆன்டினின் சுயசரிதை இவ்விலக்கியத்தின் ஒரு கரை. பொலொட்ஸ்கில் 1881 இற் பிறந்து 1894 இற் பொஸ்டன் சேர்ந்த இவ்வம்மையார், தாம் பழைய பிறவியை நீத்துப் புதுப்பிறவி எடுத்ததாகவே எழுதுகின்றார். பொதுப் பள்ளிக்கூடத்தின்மீது அவர் கொண்ட பக்தி மெய்யானது. பெண்ணுக்குக் கல்வி மறுத்த சமூகத்திலிருந்து வந்தவருக்கு அது எத்தகைய விடுதலை என்பதை ஆசிரியத் தொழில் செய்வோர் எளிதில் உணர்வர். எனினும் தாம் கற்பதற்காக மூத்த சகோதரி தையல் வேலைக்குப் போனதை அவர் நன்றியோடு குறிப்பிட்டுவிட்டு அப்பாற் செல்கின்றார். நாம் அப்பாற் செல்ல முடியவில்லை.

ஏப்ரஹாம் கஹான் வேறுவகையினர். 1882 இல் அமெரிக்கா வந்த இவர் சோசலிசவாதி. 1897 இல் தொடங்கப்பட்ட யிட்டிஷ் நாளிதழாகிய ‘ஃபோர்வர்ட்ஸ்’ இன் புகழ்பெற்ற ஆசிரியர். இவர் 1917 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘டேவிட் லெவின்ஸ்கியின் எழுச்சி’ என்ற நாவலின் தலைவன் 1885 இல் நான்கு சதத்துடன் வந்திறங்கி, இருபது இலட்சம் டொலருக்கு மேற்பட்ட செல்வத்துக்கு அதிபதியாகின்றான். பேரர்கள் சொல்லும் கதை இதுவேதான். ஆனால் கஹான் அதனைச் செல்வனின் வாயாலேயே சொல்லவைத்து உள்ளிருந்து உடைக்கின்றார். வேதக் கல்வி பயின்றவன், கல்லூரியிற் சேரவேண்டுமென்று ஏங்கியவன், தைத்த பட்டாடையிலே பால் சிந்தியதற்காக முதலாளியின் ஏளனத்துக்கு ஆளான ஒரு நாளிலே, தானே முதலாளியாவதென்று துணிகின்றான். பின்னர் தன் சொந்த ஊராரைத் தேடிப்பிடித்து வேலைக்கு வைக்கின்றான். அவர்களின் ஓய்வுநாளுக்கு மதிப்பளிக்கின்றான். ஊர்ச்சங்கம் ஒன்றுக்கும் புரவலனாகின்றான். ஊர்ப்பற்று என்று மற்றவர் போற்றுவது, தொழிற்சங்கத்தை வெளியே வைத்துக் கூலியைக் குறைக்கும் சூழ்ச்சி என்பதை அவனே கண்சிமிட்டாத நிதானத்துடன் நமக்குக் கூறுகின்றான். தகுதியுடையன வாழும் என்ற தத்துவத்தையும் ஸ்பென்சரிடமிருந்து துணைக்கு அழைத்துக்கொள்கின்றான். இறுதியில் அவன் தனியன். வறிய சிறுவனாகச் சுவடிகளின் முன் அமர்ந்து ஆடியாடிப் படித்தவனே தான் என்றும், இந்தச் செல்வன் எவனோ ஒருவன் என்றும் அவனுக்குத் தோன்றுகின்றது.

‘எழுச்சி’ என்ற தலைப்பின் கசப்பைப் புரிந்துகொள்ள நாவலுக்கு வெளியேயும் பார்க்கலாம். 1909 நவம்பரிலே, இருபதினாயிரம் பேர் வரையிலான தையல் தொழிலாளர், பெரும்பாலும் இளம்பெண்கள், நியூயோர்க்கிலே வேலை நிறுத்தம் செய்தனர். கிளாரா லெம்லிக் என்ற இளம்பெண் கூப்பர் யூனியன் மண்டபத்திலே யிட்டிஷ் மொழியில் எழுந்து பேசியதே அதற்குப் பொறி. 1911 மார்ச் 25 இல் டிரையாங்கிள் தொழிற்சாலை எரிந்தபோது 146 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பான்மையோர் குடியேறிய யூதப் பெண்களும் இத்தாலியப் பெண்களும். வெளியேறும் கதவொன்று பூட்டிக் கிடந்தது. அத்தொழிற்சாலையின் உரிமையாளராகிய மக்ஸ் பிளாங்கும் ஐசாக் ஹரிஸும் அதே ருஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதர்கள். அவ்வாண்டின் இறுதியிலே யூரிமார் அவர்களைக் குற்றமற்றவரெனக் கண்டனர். கப்பலிலே ஒரே அடித்தட்டில் வந்தவர்கள் கரையேறியபின் ஒரே வர்க்கமாக இருக்கவில்லை. பாட்டனார் வந்தார் என்று பொதுவாகச் சொல்லிவிடலாகாது. எந்தப் பாட்டனார் என்று கேட்டல் வேண்டும்.

மைக்கல் கோல்ட் இக்கேள்வியைத் தலைப்பிலேயே வைத்தார். 1930 இல் வெளிவந்த ‘பணமில்லா யூதர்கள்’ நியூயோர்க்கின் லோவர் ஈஸ்ட் சைட் வாடகைக் குடியிருப்புகளின் நூல். யூதரெல்லாம் பணக்காரர் என்ற இனவெறியருக்கும், யூதரெல்லாம் பணக்காரராயினர் என்ற இனப்பெருமையாளருக்கும் ஒருசேர அளித்த பதில் அது. ருமேனியாவிலிருந்து வந்த தந்தை கதைசொல்வதில் வல்லவர். பட்டறையைச் சொந்த உறவினனே ஏமாற்றிப் பறித்துக்கொள்ள, வீடுகளுக்கு வர்ணம் பூசும் வேலைக்குப் போகின்றார். வர்ணத்தின் ஈயம் உடலைக் கெடுக்கின்றது. சாரத்திலிருந்து விழுந்து கால்கள் நொறுங்குகின்றன. இறுதியிலே தள்ளுவண்டியில் வாழைப்பழம் விற்கின்றார். புராணத்தில் ஏணியின் முதற்படியாக வரும் தள்ளுவண்டி இங்கே கடைசிப்படியாக வருகின்றது. பனிக்காலத்திலே விறகு பொறுக்கப்போன சிறுமி வண்டியில் அகப்பட்டு இறக்கும் அத்தியாயத்தை நெஞ்சு கலங்காது படித்தல் அரிது.

இந்நூலின் முடிவு பற்றி நெடுங்காலமாக வழக்குண்டு. வேலையற்று, மனமுடைந்து, மதத்துக்கும் தற்கொலை எண்ணத்துக்குமிடையே அலையும் இளைஞன் ஒருநாள் தெருவிலே ஒரு பேச்சாளனின் பேச்சைக் கேட்கின்றான். புரட்சியே மீட்பு என அறிகின்றான். ஒரு பக்கத்துக்குள் நாவல் முடிந்துவிடுகின்றது. பிரசாரம் என்று இதனைத் தள்ளுவோரின் உள்நோக்கத்தை நாம் அறிவோம்; கலையின் தூய்மைக்காகக் கண்ணீர் வடிப்பவர் பலருக்குக் கலை பொருட்டன்று. ஆயினும் முற்போக்காளர் என்பதனால் அம்முடிவை நாம் காக்கவேண்டியதில்லை. குறை அது அரசியல் பேசுவதிலன்று. நூலிலே ஏற்கெனவே நடமாடிய அரசியலை அது காணாததிலே உள்ளது. கிறித்தவரை வாயாரத் திட்டிக்கொண்டே அயலிலுள்ள கிறித்தவப் பெண்ணின் துயரத்துக்கு முதலில் ஓடுபவள் அவனுடைய தாய். உணவுச்சாலையிலே உழைத்துக் குடும்பத்தைத் தாங்குபவளும் அவளே. புரட்சி பெட்டிமேல் நின்ற ஓர் ஆடவனின் வாயிலிருந்து வரும்வரை மகன் அடுக்களையிலே அதனைக் காணவில்லை. கோல்ட் அம்மாவை மிக அழகாகப் படைத்தார். படைத்துவிட்டு, அவள் யார் என்பதை மறந்துபோனார்.

விமரிசனமும் அவ்வாறே மறந்தது. ஹென்றி றொத் 1934 இல் ‘அதனைத் துயில் என்று சொல்’ என்ற நாவலை வெளியிட்டார். 1907 இல் எல்லிஸ் தீவுக் கரையிலே, ஓராண்டாயினும் அருகில் அறியாத கணவனைச் சந்திக்கும் தாயும் கையிலே சிறு மகனும் என்ற காட்சியோடு அது தொடங்குகின்றது. அந்தச் சந்திப்பில் அன்பில்லை. அவமானமும் சினமுமே உண்டு. மொழியைக் கையாண்ட திறத்திலே இதற்கு இணையான நாவல்கள் சிலவே. வீட்டிலே தாய் யிட்டிஷ் பேசுகையில் அதனைச் செறிவும் கண்ணியமும் மிக்க ஆங்கிலமாகத் தருகின்றார் ஆசிரியர். தெருவிலே பிள்ளைகள் பேசும் ஆங்கிலமோ சிதைந்து நொறுங்கி ஒலிக்கின்றது. நாடு மாறியவரின் தலைவிதியை இவ்வொரு உத்தியே சொல்லிவிடுகின்றது: வீட்டுக்குள்ளே அரசி, வாசலைத் தாண்டினால் ஊமை. பேச்சுமொழியை நாவலிற் கையாள்வது பற்றி வாதிடுவோர் இதனை ஊன்றிக் கவனித்தல் தகும். றொத் அப்பொழுது கம்யூனிஸ்டுக் கட்சியைச் சேர்ந்தவர். அவருடைய தோழர்களின் ‘நியூ மாஸஸ்’ ஏடோ, தொழிலாளி வர்க்க அனுபவத்தை இவ்வாறு அகநோக்கிலே வீணாக்கலாமா எனச் சில வரிகளிலே நூலைக் கடிந்து ஒதுக்கியது. வேறு சிலர் அதே பக்கங்களிலே மறுத்து எழுதினர் என்பதையும் சொல்லவேண்டும். நாவல் மறக்கப்பட்டது, 1964 இலே மலிவுப் பதிப்பு வந்தபின்னரே மக்கள் அதனை வாங்கிப் படித்தனர். றொத்தின் அடுத்த நாவல் வெளிவர 1994 வரை சென்றது. அம்மௌனத்துக்குக் காரணங்கள் பல. எனினும் தாயையும் பிள்ளையையும் பற்றிய கதையைச் சிறிய விடயமென்று கருதிய விமரிசனத்தின் பங்கும் அதில் உண்டென்றே நான் எண்ணுகின்றேன்.

இந்தப் பின்னணியிலேதான் டில்லி ஒல்சனின் ‘எனக்கொரு விடுகதை சொல்’ என்ற நெடுங்கதையைப் படித்தல் வேண்டும். 1961 இல் நூலாக வந்த இக்கதை அவ்வாண்டின் ஓ. ஹென்றி பரிசையும் பெற்றது. நெப்ராஸ்காவிலே பிறந்த ஒல்சனின் பெற்றோர் 1905 ஆம் ஆண்டுப் புரட்சியிலே பங்குகொண்டு ருஷ்யாவை விட்டு வந்தவர்கள். அவரும் இளமையிலே கம்யூனிஸ்டு இளைஞர் இயக்கத்திலே சேர்ந்து சிறை சென்றவர். நான்கு பெண்மக்களை வளர்த்துக்கொண்டு, கூலிக்கும் உழைத்தமையால் இருபதாண்டுகளுக்கு மேலாக எழுதாதிருந்தவர். 2007 இல் மறையும்வரை அவர் எழுதி வெளியிட்டவை ஒரு கை அடங்கும் நூல்களே.

கதையின் தலைவி ஈவா ஒரு பாட்டி. ருஷ்யாவிலே புரட்சிக்காரியாக இருந்தவள். அவளுக்கு எழுத்தறிவித்தவள் லீசா என்ற உயர்குலப் பெண். காட்டிக்கொடுத்த ஒருவனைக் கொன்றதற்காக லீசா பின்னர் தூக்கிலிடப்பட்டாள். ஈவாவும் டேவிட்டும் மணம்புரிந்து நாற்பத்தேழு ஆண்டுகள். ஏழு பிள்ளைகள் பெற்றாள். ஒருவனைப் போரிலே இழந்தாள். இப்பொழுது டேவிட் வீட்டை விற்றுவிட்டு, தன் சங்கத்தார் நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் போக விரும்புகின்றான். அங்கே சிநேகிதர் உண்டு, கவலையில்லை. அவளோ மறுக்கின்றாள். வாழ்நாள் முழுவதும் பிறருடைய தேவையின் தாளத்துக்கே ஆடியவள், வெறுமையான தன் வீட்டிலே இனியாவது தன் தாளத்துக்கு இருக்கவேண்டும் என்கின்றாள். அவன் பேசத் தொடங்கினால், காதிலே பொருத்திய கேட்கும் கருவியை நிறுத்திவிடுகின்றாள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஒல்சன் காரணத்தை விளக்கவில்லை. வாக்குவாதத்தினிடையே அது சிந்துகின்றது. இல்லத்திலே வாசகர் வட்டம் உண்டு, செக்கோவைப் படிக்கின்றார்கள், நீ படிப்பதில் ஆசையுள்ளவளாயிற்றே என்று டேவிட் ஆசைகாட்டுகின்றான். உடனே அவளுக்கு ஓர் இரவு நினைவுக்கு வருகின்றது. இளந்தாயாகக் கைக்குழந்தையுடன், எல்லோரும் உறங்கியபின் கிடைத்த அந்த ஒரு நேரத்திலே செக்கோவைக் கையிலெடுத்திருந்தாள். கூட்டம் முடிந்து உற்சாகத்தோடு வீடு திரும்பிய கணவன், புத்தகத்தை மூடு, படிக்காதே என்று கொஞ்சினான். அவன் போன கூட்டம் எது? மனிதகுல விடுதலைக்கான கூட்டமே. குழந்தையை ஒருநாள் தான் பார்த்துக்கொள்வதாகவும் அவள் போய்வரலாமெனவும் அவன் என்றுமே சொன்னதில்லை. தோழர்களே, இவ்விடத்திலே நான் நூலை மூடிவைத்துச் சிறிது நேரம் இருக்க வேண்டியிருந்தது. நமது கூட்டங்கள் இரவு ஒன்பது மணிக்கு முடிகின்றன. வீட்டிலே யார் இருக்கிறார்கள் என்பது நமது நிகழ்ச்சி நிரலிலே வருவதில்லை.

டேவிட் கெட்டவனல்லன் என்பதே இக்கதையின் வன்மை. அவன் கடுமையாக உழைத்தவன், சிரிப்பும் விடுகதையும் உடையவன், பேரப்பிள்ளைகளுக்குப் பிரியமானவன். ஒரு பேரப்பிள்ளை பாட்டியிடம் விடுகதை கேட்கின்றது. தனக்கு ஒன்றும் தெரியாது என்கின்றாள் அவள். பாட்டனாரிடம் கதை இருக்கின்றது, பாட்டியிடம் இல்லை. குடும்ப வரலாறு யாரால் சொல்லப்படுகின்றது, யாருடைய வாழ்வு அதிலிருந்து விழுந்துபோகின்றது என்பதை இதனினும் எளிமையாக ஒரு சிறு காட்சியிலே காட்டுதல் இயலாது. நாயொன்று இருப்பதாகப் பொய்சொல்லி இறைச்சிக்கடையிலே எலும்பு கேட்டுவாங்கிப் பிள்ளைகளுக்குச் சூப் வைத்தவள் அவள். அந்தப் பொய்யை யார் விடுகதையாக்குவார்?

அவளைப் புற்றுநோய் பற்றுகின்றது. உண்மையை அவளுக்குச் சொல்லாமல், பிள்ளைகளின் வீடுகளுக்கும் பின்னர் கலிபோர்னியக் கடற்கரைக்கும் அழைத்துச் செல்கின்றான் டேவிட். அவள் கேட்பது ஒன்றே: வீட்டுக்குப் போவோம். மகளொருத்தி வெள்ளியிரவு விளக்கேற்றி ஆசி கூற அழைக்கும்போது, அது மூடநம்பிக்கை என மறுக்கின்றாள். வைத்தியசாலையிலே யூதர் பட்டியலிற் பெயரிருந்தமையால் மதகுரு பார்க்க வந்தபோது சீறுகின்றாள்: இனம் மனித இனம், சமயம் எதுவுமில்லை என்று எழுதச் சொல்கின்றாள். கப்பலேறியபோது அவள் கொண்டுவந்த பொதி இதுவே. யூதப் பாட்டிகளெல்லாம் மெழுகுவர்த்தியும் மணக்கும் அடுக்களையுமாகவே நினைவுகூரப்படும் நூல்களிலே இந்தப் பாட்டிக்கு இடமில்லை. அவளைப் போன்றோர் சிலரல்லர். 1897 இல் வில்னாவிலே தொடங்கிய யூதத் தொழிலாளர் சங்கமாகிய ‘புந்த்’ இன் உறுப்பினர் பலர் 1905 ஆம் ஆண்டுத் தோல்விக்குப்பின் அத்திலாந்திக்கைக் கடந்தனர். அமெரிக்கத் தையற் தொழிற்சங்கங்களுக்கு ஊக்கமளித்தோரில் அவர்களும் உண்டு.

இறுதி நாட்களிலே, எதுவும் பேசாதிருந்த ஈவாவின் வாயிலிருந்து வெள்ளம் பெருகுகின்றது. இளமையிற் படித்த நூல்களின் வாசகங்கள், பாடிய பாட்டுகள், மேடையிலே கேட்ட சொற்பொழிவுகள் துண்டுதுண்டாக வருகின்றன. ஒரு சொல்லையும் அவள் இழந்திருக்கவில்லை. டேவிட் முதலிற் கோபிக்கின்றான்: இத்தனை ஆண்டு வாழ்வில் எங்களைப் பற்றி ஒரு சொல்லுமா உனக்கு நினைவில்லை? பிறகே அவனுக்கு உறைக்கின்றது. அவள் சொல்வதெல்லாம் ஒருகாலத்திலே அவனும் நம்பியவை. பிள்ளைகள் நன்றாக உண்கின்றனர், கல்வி பெற்றனர், நோயின்றி வளர்கின்றனர். இவை பொய்யல்ல என்று தனக்குத்தானே கணக்குச் சொல்கின்றான். ஆனால் அந்நம்பிக்கையின் பெருமையும், இந்நூற்றாண்டு அதற்குச் செய்ததும் ஒருங்கே அவன்மேல் விழுகின்றன. புராணம் வரமெனச் சொல்வதையும் அவ்வரத்துக்குக் கொடுத்த விலையையும் ஒரே கட்டிலருகே ஒல்சன் நிறுத்திவிடுகின்றார். விலை மிகுதி என்றோ தகும் என்றோ அவர் தீர்ப்பளிக்கவில்லை.

குறையில்லாத கதை அன்று இது. தாதியாகப் பணிபுரியும் பேத்தி ஜீனி, பாட்டியைப் பராமரிக்க வருபவள், சற்றே அளவுக்கு மிஞ்சிய நல்லவளாக அமைந்துவிட்டாள். லீசாவின் சாயலை ஈவா அவளிடம் காண்பது ஆசிரியரின் விருப்பம் என்றே தோன்றுகின்றது. ஜீனியின் வாழ்விலிருந்து அதற்குப் போதிய ஆதாரமில்லை. நடையும் சில இடங்களிலே மூச்சுமுட்டுமளவுக்கு இறுகிவிடுகின்றது. முதல் வாசிப்பிலே யார் பேசுகின்றார் என்று தடுமாற வேண்டியிருக்கும். மாணவரிடம் கொடுக்கையில் ஆசிரியர் உடனிருந்து வாசித்தல் நன்று.

ஆனால் ஒன்றை இந்தப் பேத்தி சரியாகச் செய்கின்றாள். பாட்டி அமெரிக்காவுக்கு வந்த கதையை அவள் கேட்கவில்லை. இறுதி நாளிலே டேவிட்டிடம் அவள் சொல்வது, பாட்டி இப்பொழுது இங்கே இல்லை, முதன்முதலில் இசையைக் கேட்ட அந்தக் கிராமத்துக்கே, ஒரு கலியாண வீட்டுக்குச் சிறுமியாகத் திரும்பிவிட்டாள் என்பதே.